கோவிந்தன் வீட்டுப் பாவு

அண்ணி புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கியபோது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. தாமல் ஏரிப் பக்கமிருந்து ஈரக் காற்று அடித்தது.

தெரு நடுவே கோவிந்தனின் பாவு நீட்டியிருந்தது. தறியில் ஏற்றுவதற்கான நெட்டிழை, அரக்குச் சிவப்புப் பட்டு. கஞ்சி போட்டாகிவிட்டது. ஒரு முனையைக் கோவிந்தன் இழுத்துப் பிடித்திருந்தான். மறு முனையில் அவன் மனைவி கன்னியம்மா, பிள்ளைத்தாச்சி வயிற்றோடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நடுவில் தாங்க ஆளில்லாமல் பாவு தொய்ந்துபோய் மண்ணைத் தொடப் பார்த்தது.

இரண்டு பக்கத்து வாசல்களிலும் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் இறங்கவில்லை.

அண்ணி நேராகக் கன்னியம்மாவிடம் போய்க் கழியை வாங்கினாள். "நீ போய் உக்காரு கன்னிம்மா. வயித்த வெச்சுக்கினு இழுக்காத. நான் புடிக்கிறேன்."

கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி இழுத்த இழுப்பில் பாவு தொய்வில்லாமல் நேராக நின்றது.

அந்தக் கோவிந்தன்தான் எங்கள் அண்ணனை அடித்துக் கொன்றவன்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் ஆஸ்பத்திரிக் கதைகளையே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, உங்களுக்கு வீடு வாசல் கிடையாதா நர்ஸம்மா என்று ஒரு வாசகி போனில் கேட்டார். கேட்டது நியாயம்தான். இந்த வாரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். காபி கொடுப்பேன். நல்ல சேதி எதுவும் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நாங்கள் நெசவுக்காரர்கள். தெருவிலேயே ஒரே கிறிஸ்தவ வீடு. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபிறகு வீட்டில் தாவீது அண்ணன், எஸ்தர் அண்ணி, அவர்களுடைய சின்னப் பெண், நான். அண்ணன் தறியில் உட்காருவான். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரையை நெய்யக் கை கொடுப்பாள். நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

அண்ணனுக்கு இரண்டு கிறுக்கு. ஒன்று சபை, இன்னொன்று சங்கம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டுக்கு முன்னால் நிற்பான். மற்ற நாள் சாயந்திரம் நெசவாளர் சங்கத்தில் உட்கார்ந்திருப்பான். சங்கத்தில் பாதிப் பேர் சாமியே இல்லை என்கிறவர்கள். அவர்கள் இவனைச் சீண்டுவார்கள்.

"ஏம்பா தாவீது, உங்க ஏசு இப்ப இருந்தா நம்ம சங்கத்துல சேருவாரா?"

"சேர மாட்டாரு. அவரு தச்சரு. தச்சர் சங்கத்துலதான் சேருவாரு" என்பான் அண்ணன்.

எங்கள் சபைப் போதகருக்கு இது பிடிக்காது. நல்ல மனுஷர், பயந்த மனுஷர். "அரசியல் நமக்கு எதுக்குப்பா? நாம சின்ன மந்தை. முதலாளி நம்ம பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தவரு" என்பார். முதலாளி என்றால் எங்கள் தெருவுக்கெல்லாம் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிற பெரிய வியாபாரி. அவரிடம் கூலி உயர்த்திக் கேட்டுத்தான் அந்த வருஷம் சங்கம் தறியை நிறுத்தியது.

"கூர போட்டாரு ஐயா, இல்லேங்கல. அந்தக் கூரைக்குக் கீழ படிக்கிற புள்ளைங்க சாப்பிட்டுட்டு வருதான்னு அவரு கேக்கலையே" என்று அண்ணன் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. போதகர் ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து போனார்.

கழுவி விட்டது நான்

தறி நின்றிருந்த அந்த நாட்களில் சங்கத்தின் ஊர்வலம் பட்டப்பகலில் நடந்தது. ராஜ வீதி திரும்புகிற இடத்தில் முதலாளியின் ஆட்கள் சந்திலிருந்து பாய்ந்தார்கள். எல்லோரும் சிதறி ஓடினார்கள். அண்ணன் கொடியைப் பிடித்திருந்ததால் ஓடுவதற்கு நேரமாகிவிட்டது. அண்ணி பெண்கள் கூட்டத்தில் பத்தடி பின்னால் இருந்தாள். அவள் கண் முன்னால் கோவிந்தன் கட்டையைத் தூக்கி அண்ணன் மண்டையில் போட்டான்.

கோவிந்தன் வெளியூர் அடியாள் இல்லை. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற நெசவுக்காரன். தறி நின்றதும் வீட்டில் அரிசி இல்லாமல் போயிற்று, முதலாளியிடம் போய்ச் சேர்ந்தான். எல்லார் வீட்டிலும்தான் அரிசி இல்லை. அதற்காக எல்லாரும் கட்டையைத் தூக்கவில்லை. இதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

அண்ணனை என் வார்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். சில நாள் மூச்சு மட்டும் இருந்தது. நான்தான் துடைத்துவிட்டேன். டெட்டால் தண்ணீரில் எத்தனை தரம் துடைத்தாலும் அவன் நகக்கண்ணில் இருந்த சாயம் போகவில்லை. பிறகு மூச்சும் நின்றது. கண்ணை மூடிவிட்டதும் நான்தான். நர்ஸ் வேலைக்கு வந்ததற்காக அன்றைக்கு என்னையே சபித்துக்கொண்டேன்.

அண்ணன் செத்த சூட்டில் முதலாளி இறங்கிவந்து கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார். தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. கோவிந்தனைப் போலீஸ் பிடித்தது. பெரிய வக்கீல் வந்தார். ஜாமீனில் விட்டுவிட்டார்கள். அவன் திரும்பி வந்து அதே தெருவில், அதே வீட்டில் உட்கார்ந்தான்.

தெருவின் கட்டுப்பாடு

பாவு நீட்டுவதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு புடவைத் தறிக்கு வேண்டிய நெட்டிழை முழுவதையும் விடிகாலையில் தெருவில் நீளமாக விரித்து, இழுத்துப் பிடித்து, அறுந்த இழையை முடிந்து, கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் காயவைத்துச் சுருட்ட வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற வேலை இல்லை. அதனால் யார் வீட்டுப் பாவு தெருவில் கிடந்தாலும் அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுப்பார்கள். முந்தின நாள் குழாயடியில் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டவள்கூட மறுநாள் வந்து கழியைப் பிடிப்பாள். பிடித்து முடித்துவிட்டுச் சண்டையைத் தொடர்வாள். அது அப்படித்தான்.

அந்தக் கையை நிறுத்துவதுதான் எங்கள் தெருவில் பெரிய தண்டனை.

எங்கள் அப்பா அதை அனுபவித்தவர். அவர் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்த புதிதில் தெரு கூடி, இவன் வீட்டுப் பாவுக்கு யாரும் போகக் கூடாது என்று முடிவு செய்தது. அப்பா ஒரு முனை, அம்மா ஒரு முனை. நடுவில் அண்ணனும் நானும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம், எட்டவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மாம்பழ நிறப் பட்டு அது. சேற்றில் கிடந்ததைப் பார்த்து அப்பா பெருங்குரலெடுத்து அழுதார். ஆண்பிள்ளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு மெல்ல மெல்ல எல்லாரும் மறந்து வர ஆரம்பித்தார்கள். ஆனாலும் அப்பா அந்தக் கதையைச் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த அண்ணியிடமும் சொல்லியிருந்தார்.

இப்போது சங்கம் அதே தண்டனையைக் கோவிந்தனுக்குப் போட்டது. எனக்கு மனசு குளிர்ந்தது. பட்டு முழுக்கப் பாழாகட்டும், முதலாளி அவன் தோலை உரிக்கட்டும் என்று நினைத்தேன்.

 கோவிந்தன் பாவு நீட்டிய அந்தக் காலையில் அண்ணி ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டாள்.

"அண்ணி, எங்க போறீங்க?"

"நடுப் பாவு தொய்யுதும்மா."

"தொய்யட்டுமே! யாரு பாவுன்னு தெரியுதா?"

"தெரியாமலா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டாள்.

மழை வருவதற்குள் பாவைச் சுருட்டி முடித்தார்கள். கன்னியம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணி கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் கஞ்சி பிசுபிசுக்கிற கையைக் கழுவாமலே அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

சங்கத்து ஆட்களும் பேசவில்லை. புருஷன் செத்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் விலைபோய்விட்டாள் என்று குழாயடியில் பேச்சு.

சாட்சி சொல்லாதே என்றார்

போதகருக்கு மட்டும் ஒரே சந்தோஷம். அந்த வாரமே வீட்டுக்கு வந்தார்.

"எஸ்தர், நீ செஞ்ச காரியம் நூறு பிரசங்கத்துக்குச் சமம். பகையாளிக்கு நன்மை செஞ்சுட்டே. இனிமே கோர்ட்டுக்கு எதுக்கும்மா போகணும்? அதையும் விட்டுடு. மனசுல பகை இல்லேன்னா சாட்சிக் கூண்டுல என்ன வேலை?"

அண்ணி அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். "ஐயா, அவன் பாவு அறுந்துபோகக் கூடாதுன்னு நெனச்சேன், புடிச்சேன். அதுக்காக அவன் அடிச்சத நான் பாக்கலன்னு சொல்ல முடியுங்களா?"

"நேசிக்கணும்னு சொல்லியிருக்கே."

"நேசிக்கிறதுக்குப் பொய் எதுக்குங்க ஐயா?"

"பொய் சொல்லச் சொல்லலம்மா. சும்மா இருந்துடு."

"சும்மா இருந்தா அடுத்த ஸ்டிரைக்குல இன்னொருத்தி தாலிய அறுப்பான். அவளுக்கு நான் என்ன ஜவாபு சொல்றது? அவளையும் நேசிக்கணுமே."

போதகர் மோரைக் குடிக்காமல் போனார்.

அதற்குள் தேர்தல் வந்தது. எங்கள் முதலாளி வேட்பாளராக நின்றார். கும்பிட்ட கையோடு எங்கள் கோவில் வாசலுக்கும் வந்தார். போதகர் அவர் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பினார். அரசியல் நமக்கு எதுக்கு என்று அண்ணனிடம் சொன்ன அதே வாய். முதலாளி ஜெயித்தார். வெற்றி ஊர்வலம் எங்கள் தெரு வழியாக மேளதாளத்தோடு போனபோது அண்ணி தறியை நிறுத்தாமல் நெய்துகொண்டிருந்தாள். எனக்கு வாசலில் போய் நின்று காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்பவும் துப்பினேன்.

ஜட்ஜுக்குப் புரியாத விஷயம்

வழக்கு ஜில்லா கோர்ட்டில் நடந்தது. ஊர்வலத்தில் வந்த ஆண்பிள்ளைகள் ஒவ்வொருத்தராகக் கூண்டில் ஏறி, கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். பார்த்தேன் என்று சொன்னது அண்ணி ஒருத்திதான்.

அவள் தடுமாறாமல் சொன்னாள். எந்தச் சந்து, எந்தப் பக்கம், எந்தக் கை என்று எல்லாம் சொன்னாள். கோவிந்தன் பக்கத்து வக்கீல் எழுந்து ரொம்ப மரியாதையாக ஆரம்பித்தார்.

"ஏம்மா, இந்தக் கோவிந்தன் வீட்டுப் பாவுக்கு யாரும் கை கொடுக்கக் கூடாதுன்னு உங்க தெருவுல கட்டுப்பாடு இருந்துதா?"

"இருந்துதுங்க."

"அதை மீறி நீ மட்டும் போய்ப் பிடிச்சியா?"

"புடிச்சேங்க."

"உன் புருஷனைக் கொன்னவன்னா பிடிச்சிருப்பியா?"

"கொன்னவன்னு தெரிஞ்சுதாங்க புடிச்சேன்."

கோர்ட்டில் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஜட்ஜு கண்ணாடியைக் கழற்றி அண்ணியைப் பார்த்தார். வெளியூர்க்காரர் அவர். "எதுக்கும்மா பிடிச்சே?" என்று அவரே கேட்டார்.

அண்ணி என்ன சொல்லியிருக்கலாம் என்று நான் பிற்பாடு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். எங்கள் ஆண்டவர் பகையாளியை நேசிக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். என் மாமனார் பாவு சேற்றில் விழுந்த கதையைச் சொல்லியிருக்கலாம். அவள் நெசவுக்காரி. நெசவுக்காரி மாதிரிதான் சொன்னாள்.

"நடுவுல தொய்ஞ்சுதுங்க. கன்னிம்மா முழுகாம இருந்துச்சு. மழை வேற வந்துக்கினு இருந்துது."

வக்கீல் புன்னகையோடு உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை.

தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. சங்கத்து வக்கீலின் குமாஸ்தா வராந்தாவில் வைத்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். கணவனைக் கொன்றவனுக்கு ஒரு பெண் வலியப் போய் உதவி செய்வது மனித இயல்புக்கு மாறானது. ஆகவே அவள் பார்த்ததாகச் சொல்வதை நம்புவதற்கில்லை. கோவிந்தன் விடுதலை.

வேறு எந்த ஊராக இருந்தாலும் பாவைப் பிடித்தது ஒரு சாட்சியமே ஆகியிருக்காது. எங்கள் தெருவிலும் சங்கம் அந்தக் கட்டுப்பாட்டைப் போடாமல் இருந்திருந்தால் ஆகியிருக்காது. கோவிந்தனைத் தண்டிக்கப் போட்ட கட்டுப்பாடுதான் அவனைக் காப்பாற்றியது. 

சொல்ல மறந்துவிட்டேன். போதகர் அன்றைக்கு எங்களோடு கோர்ட்டுக்கு வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். திரும்பி வருகிற வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், வாலாஜாபாத் தாண்டியபிறகு வாயைத் திறந்தார்.

"நான் இத்தன வருஷமா பிரசங்கம் பண்றது மனுஷ இயல்புக்கு மாறானதாம்மா. ஜட்ஜே சொல்லிட்டாரு."

 ஊர் வந்து இறங்குகிறபோது அவர், "நான் உன்கிட்ட சும்மா இருன்னு சொன்னேனே, எஸ்தர்" என்று மட்டும் சொல்லி நின்றார். பிறகு குடையை மறந்து பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கோவிந்தன் வந்தான்

விடுதலையாகிச் சில வாரம் கழிந்திருக்கும். மத்தியான வேளை. தெருவில் வெயில் கொளுத்தியது, ஆள் நடமாட்டம் இல்லை. எனக்கு அன்றைக்கு லீவு. அண்ணி தறியில் இருந்தாள். கொல்லைக் கதவு அசைந்தது. கோவிந்தன் உள்ளே வந்து, தறிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

நான் அரிவாள்மணையை எடுத்தேன். பொய் சொல்லவில்லை, எடுத்தேன். அண்ணி கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

"அக்கா" என்றான்.  "கால்லதான் போடச் சொன்னாங்க அக்கா. சத்தியமா கால்லதான் போட வந்தேன். அண்ணன் கொடிய எடுக்கக் குனிஞ்சுட்டாரு."

அண்ணியின் கை, இழை ஓட்டும் நாடாவோடு நின்றது. அடிக்குப் பயந்துதான் அண்ணன் குனிந்தான் என்று அண்ணி அதுவரைக்கும் நினைத்திருந்தாள். அண்ணன் கீழே விழுந்த கொடியை எடுக்கத்தான் குனிந்திருக்கிறான்.

"தூங்கவே முடியல. கண்ண மூடினா அவரு குனியறாரு. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுக்கா. உங்க சாமி மன்னிக்கச் சொல்லும்னு கன்னிம்மா சொல்லுது."

"யாரு போடச் சொன்னாங்க கோவிந்தா?"

அவன் கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

அண்ணி தறியிலிருந்து எழுந்து வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மன்னிச்சாச்சுப்பா. எப்பவோ மன்னிச்சாச்சு. என் பங்கு முடிஞ்சுபோச்சு. நீ அடிச்சதுக்கு இனிமே உன்ன யாரும் ஜெயில்ல போட முடியாது, அதுவும் முடிஞ்சுபோச்சு. ஆனா அனுப்பினவன் இன்னும் மாலை போட்டுக்கினு சுத்தறான். வாசல் வழியா வெளிய வா. தெருவுல நின்னு அவன் பேரச் சொல்லு. ஜனங்க கேக்கட்டும். நான் உன் பக்கத்துலயே நிக்கிறேன். உன்மேல ஒருத்தன் கை வெச்சா, மொதல்ல என்மேல வெக்கட்டும்."

சொல்லிவிட்டு எழுந்து போய் வாசல் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். வெயில் தறி வரைக்கும் வந்து விழுந்தது. அண்ணி நிலைப்படியில் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

கோவிந்தன் எழுந்தான். நாலு எட்டு வந்தான். இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் வாசல். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ அசைந்தார்கள். அவ்வளவுதான், அவன் முகம் வெளுத்துவிட்டது.

"புள்ள பொறந்திருக்குதுக்கா" என்றான்.

"தெரியும்பா. பொம்பளப் புள்ள. நான்தான் போயி மருந்து அரைச்சுக் குடுத்துட்டு வந்தேன். எனக்கும் ஒண்ணு இருக்குது."

அவன் இரண்டு கையையும் கூப்பினான். பிறகு வந்த வழியே கொல்லைப் பக்கமாகப் போய்விட்டான்.

நான் கத்தினேன். "இவனையா நேசிக்கச் சொல்றாரு உங்க ஆண்டவரு?"

"ஆமாம்மா, இவனத்தான்" என்றாள் அண்ணி. நிலைப்படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணனைக் குழியில் இறக்கியபோதும், கோர்ட்டில் சிரித்தபோதும் அழாதவள். சின்னப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரமானதும் முகத்தைக் கழுவிக்கொண்டு தறிக்குப் போனாள்.

கொல்லைக் கதவுக்கு அன்று சாயந்திரமே ஆளைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போடச் சொன்னாள். வாசல் கதவை, நாங்கள் அந்த வீட்டில் இருந்த மட்டும், பகலில் ஒருநாளும் சாத்தவிடவில்லை. கோவிந்தன் தினமும் அந்த வழியாகத்தான் போனான், வந்தான். அண்ணி ஒவ்வொரு தடவையும் தலையை நிமிர்த்திப் பார்ப்பாள். அவன் எதிர்ச்சாரியில் ஒதுங்கி, வேகமாக நடந்து போய்விடுவான்.